பெருவிரல் கட்டு

சோற்றுப் பானையின் நடுவில் குழி விழுந்திருந்தது. அகப்பை பட்ட தடமில்லை, விரல் பட்ட தடமில்லை. கன்றுக்குட்டி முகத்தைப் புதைத்து நக்கினதுபோல, ஓரமெல்லாம் ஈரம் மினுங்குகிற வழுவழுப்பான குழி.

மதலேனா பல்லைக் கடித்தாள். புருசன் அழகரெத்தினம் செத்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை மக்களே, கோபம்தான் வந்தது. சூறாவளி பிய்த்த கூரைக்குத் தென்னங்கிடுகு கட்ட ஏறி விழுந்த மனிசன்மேல் கோபம். அதைவிடக் கொழுந்தன் கதிர்காமத்தம்பிமேல்.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடும் நேரம் அவன் குறுக்கே நின்றான்.

"மச்சாள், கைப்பெருவிரல், கால்பெருவிரல் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப்போட்டு மூடுங்க. கட்டோட போனா, செத்துப்போன எங்கட ஆக்கள் நிக்கிற இடத்துக்கு அண்ணன் எப்பிடிப் போவார்?"

"உங்கட ஆக்களிட்ட அவர் ஏன் போகணும்? ஞானஸ்நானம் எடுத்துத்தானே என்னைக் கட்டினவர். உத்தரிக்கிற ஸ்தலத்தில நிண்டு, நான் வந்தாப்பிறகு என்னோடதான் மோட்சத்துக்குப் போவார். ஆணிய அடிங்க."

அடித்தார்கள். அந்தக் கட்டு எந்தச் சமயத்துக்காரரும் அவிழ்ப்பதுதான். வீம்புக்கு விட்டாள்.

பக்கத்து வளவு ஸுலைஹாவும் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள். "நாங்களும் கபுறுக் குழிக்குள்ள வெச்சாப்பிறகு கபன் துணிக் கட்ட அவுத்துடுறதுதான் புள்ள. நீ ஏன் விட்டாய்?"

"உங்கட வேலையப் பாருங்க ராத்தா."

பானையில் குழி கண்ட அன்று அந்தி, மஃரிபு பாங்கு ஓய்ந்தது. கடலிலிருந்து வந்த காற்றில் உப்பும், நனைந்த கிடுகின் புளித்த வாடையும், அவற்றுக்கு அடியில் புதிதாய்க் கிண்டிய மண்ணின் மணமும் கலந்து வீட்டுக்குள் நிறைந்தபோது, குசினிக்குள், அடுப்படியில் ஏதோ விழுந்தது.

தொம்.

கொஞ்சம் பொறுத்து, தொம்.

நடக்கிற சத்தமில்லை. இரண்டு பாதமும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக விழுகிற சத்தம்.

விளக்கோடு போனாள். கோபம் ஆறவில்லை.

அவர்தான். பானைக்குள் முகம். நிமிர்ந்தார்.

"மோட்சத்துக்குப் போகத் தெரியாம, இஞ்ச வந்து களவாத் திங்கிறீங்களோ?"

கைகளை நீட்டினார். கறுத்துப்போன இரண்டு பெருவிரல். சதைக்குள் இறங்கிய வெள்ளை நூல்.

விளக்கை வைத்தாள். நகத்தால் முடிச்சை நெம்பினாள். தோலும் வந்தது. குனிந்து கால் முடிச்சையும் பிய்த்தாள்.

"இனிப் போங்க. தம்பியிட்டயே போங்க. உங்கட ஆக்களிட்டயே போங்க. நான் மறிக்கல்ல."

அவர் போகவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினார்.

அவளுடைய பெருவிரலைப் பிடித்தார். தன் பெருவிரலோடு ஒட்டி வைத்தார். நூலைச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

குனிந்து, முடிச்சைப் பல்லில் கடித்து இறுக்கினார்.