சாகத் தகுதியுள்ளவர்கள்

இன்னும் ஒன்பது ஆண்டுகளில் நாச்சியப்பன் இறந்துவிடுவார் என்று ஆயுள்மானி காட்டியதும், குடிவரவு அதிகாரி சந்தனசாமி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

"பன்னிரண்டுக்குள்ள வந்துட்டீங்க ஐயா. மனு பாஸ்."

தாழைத்தீவின் சட்டம் இதுதான்: வெளிநாட்டு ஓய்வூதியர்கள் வரலாம். வீடு, மருத்துவர், கடற்காற்று எல்லாம் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். காலி செய்ய ஒரே வழிதான் உண்டு. தீவின் விளம்பரம் அதை 'நிறைவான அந்திப்பொழுது' என்றது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. கையை உறைக்குள் நுழைத்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். வயது ஏற ஏற நம் மரபிழைகளில் சிறுசிறு வேதிக் குறிகள் படிகின்றன, கொதிகெண்டிக்குள் உப்புக்கறை படிவதைப் போல. ஆயுள்மானி அந்தக் கறையைப் படிக்கும். பிறகு நாடியைக் கேட்கும். நல்ல இதயம் கடிகாரம் போலத் துடிக்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் முந்தும், வெளியே விடும்போது கொஞ்சம் பிந்தும். அந்த நெகிழ்வு குறையக் குறைய ஆயுளும் குறையும். இரண்டையும் சேர்த்துத் திரையில் ஓர் எண் விழும். இத்தனை நுட்பத்தையும் மனிதன் கண்டுபிடித்தது வீடு எப்போது காலியாகும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"அம்மாவை உள்ள கூப்பிடலாம்," என்றார் சந்தனசாமி.

மிலேனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செர்பியாக்காரி. நாச்சியப்பன் பொறியாளராக இருந்த சரக்குக் கப்பலில் அவளும் அதிகாரி. இருபது ஆண்டுகளாக ஒன்றாக வாழ்கிறார்கள். அவரிடம் கற்ற காரைக்குடித் தமிழில் பேசுவாள், திட்டும்போது இன்னும் சரளமாக.

துணை அனுமதிக்கு இரண்டு விதிகள். உறவு உண்மையாக இருக்க வேண்டும். துணை அருகில் இருக்கும்போதும் எண் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது.

மிலேனா அவர் தோளில் கை வைத்தாள். திரை ஒன்பதிலிருந்து நகர்ந்து பதினான்கில் நின்றது.

சந்தனசாமியின் முகம் வாடியது. "அம்மா கூட இருந்தா அஞ்சு வருஷம் கூடிப்போகுதே ஐயா. அம்மா அடுத்த கப்பல்ல கிளம்பிடணும்."

"அவ பக்கத்துல இருந்தா நான் சாக மாட்டேங்கிறது குற்றமாய்யா?"

"குற்றம் இல்லீங்க. தகுதிக்குறைவு."

"நாங்க ஒட்டாத மாதிரி உட்கார்ந்தா?" என்று கேட்டாள் மிலேனா.

"அப்ப உறவே பொய்னு மெஷின் தள்ளிடும்மா. உறவு உண்மையாவும் இருக்கணும், உடம்புக்கும் ஆகக் கூடாது. நிறைய தம்பதிங்க சுலபமா பாஸ் பண்றாங்க."

இன்னும் இரண்டு வாய்ப்புகள் தந்தார். துறைமுக விடுதிகளில் இதற்கென்றே தம்பதிச் சண்டைப் பயிற்சியாளர்கள் கடை விரித்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வாரம் வசனம் படித்துவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள்.

"நீ ஒரு உதவாக்கரை," என்று ஒப்பித்தாள் மிலேனா. "உன் சாம்பார் கடல் தண்ணி."

"உன் குறட்டைக்கு எஞ்சின் ரூமே தேவல," என்றார் நாச்சியப்பன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். திரையில் பதினைந்து.

கடைசி வாய்ப்பு மறுநாள். மிலேனா வசனம் எதையும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் மெதுவாகப் பேசினாள்.

"நாச்சி, எனக்குப் போக வேற இடம் இல்ல. அதனாலதான் இத்தனை வருஷமா உன்கூட இருக்கேன்."

மனம் அடிபட்டால் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்கு உடனே சேதி போகும். அது ரத்தத்தில் பதற்றத்தைக் கலக்கும். நாடியின் நெகிழ்வு இறுகிப்போகும். திரை பதினான்கு, பதிமூன்று என்று இறங்கிப் பதினொன்றில் நின்றது. உறவு உண்மை என்ற பச்சை விளக்கும் எரிந்தது. இவ்வளவு வலிக்கிறதென்றால் உறவு உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருவி சரியாகவே முடிவு செய்திருந்தது.

சந்தனசாமி முத்திரையைக் குத்தினார். "சூப்பர் ஐயா! இதை அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள்.

"நாச்சி, இந்த ஆளு நம்ம கப்பல்ல இருந்திருந்தா என்ன வேலை குடுத்திருப்ப?"

"நங்கூரத்துக்குப் பதிலா கட்டி இறக்கியிருப்பேன்."

"வேணாம், மிதப்பான். உள்ள ஒண்ணும் இல்ல."

நாச்சியப்பனின் கை இன்னும் உறைக்குள்தான் இருந்தது. திரை பதினைந்தைக் கடந்து பத்தொன்பதில் போய் நின்றது. ஆனால் முத்திரை விழுந்துவிட்டது, முத்திரைக்குப் பிறகு வரும் எண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லை.

படியிறங்கும்போது அவர் கேட்டார். "நீ சொன்னது நெசமா?"

"பாதி. போக இடம் இல்லைங்கிறது நெசம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றுக்காகத் தீவின் எல்லாத் தம்பதிகளும் அந்த அலுவலகத்துக்கு வந்தார்கள். வரிசையில் நின்றார்கள், அவமானப்பட்டார்கள், இருவருமாகச் சேர்ந்து சந்தனசாமியைத் திட்டிக்கொண்டே வீடு போனார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. அமைச்சகம் ஆராய்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது ஆளை மனமார இகழ்வதைப்போல் இதயத்துக்கு இதமானது வேறில்லை என்று அறிக்கை வந்தது. அதிகாரிகள் இனி அன்பாக நடக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள்.

பதிமூன்றாம் ஆண்டு சந்தனசாமி வாசல்வரை வந்து நாச்சியப்பனுக்குச் சால்வை போர்த்தினார். "ஐயா, அம்மா, உங்களைப் பார்த்தாலே மனசு நிறையுது. டீ சாப்பிடுங்க."

மிலேனா அவர் பற்களைக் கூர்ந்து பார்த்தாள். "பாவம் நாச்சி. இந்த வயசுல இவனுக்குச் சிரிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சந்தனசாமி தேநீரை நீட்டியபடியே நின்றார். அந்த மாதத்தோடு அவருக்கும் ஓய்வு. ஓய்வுபெறும் அதிகாரிக்குத் தீவில் ஒரு வீடு என்பது விதி. ஆனால் வீடு ஏதும் காலியில்லை. பக்கத்து நாட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கேயும் இதே கருவியை வாங்கி வைத்திருந்தார்கள், இதே விதிகளோடு. திங்கட்கிழமை மனைவியை அருகில் உட்காரவைத்து அவர் கையை நுழைக்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.