வியாழக்கிழமை இரை

லேனா ஆறு வாரமாக வாயைத் திறக்கவில்லை. ஆனால் தராசு அதை நம்பத் தயாராக இல்லை.

ரோண்டா தன் பாம்பு லேனாவைத் தராசுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ரொட்டிக்கு மாவு நிறுக்கும் சாதாரணச் சமையலறைத் தராசு அது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதது. போன ஞாயிற்றுக்கிழமையைவிட நாற்பது கிராம் கூடுதல். அதற்கு முந்தைய ஞாயிறும் நாற்பது கூடியிருந்தது. பந்து மலைப்பாம்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், எடை குறையாதவரை கவலைப்படாதே என்று அவள் படித்த எல்லாப் புத்தகங்களும் சொல்லின. எடை கூடினால் என்ன செய்வது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அவள் வளர்க்கும் முதல் பாம்பு இது. ஜனவரியில் கணவன் க்ளென் போனபோது நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு டுலூத் நகரின் அந்த ஏரிக்கரை மேட்டு வீட்டில் மூச்சு விடுவது அவள் மட்டும்தான். பகலில் பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து நாற்பது பேரிடம் சிரிப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல் வாய் வறண்டுவிடும். தனக்கென்று சமைப்பதையும் விட்டுவிட்டாள். நின்றபடியே ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். அப்படியிருந்தும் வேலைக்குப் போடும் கால்சட்டையின் பொத்தான் இந்த மாதம் மாட்ட மறுத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில், இறந்துபோன ஆர்விட் என்ற கிழவருடைய பாம்பை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று பல் மருத்துவமனைக்கு வந்த அவருடைய மருமகள் முறைப் பெண் பெக்கி கேட்டாள். கண்ணாடித் தொட்டி, சூடேற்றும் பாய், நீள இடுக்கி, உறைந்த எலிகள் முப்பது உள்ள பை, எல்லாம் சேர்ந்தே வந்தன. தொட்டி மூடியின் உட்பக்கம் கிழவர் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: ‘வியாழக்கிழமை இரை. பிடிவாதம் பிடித்தால் தூங்கும்போது வாயோரத்தைத் தொடு, தானே திறக்கும். யாரையும் பட்டினி போடாதே.’

முதல் நாள் லேனா பயந்து, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது. மூன்றாம் வாரம் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அன்றைக்கு ரோண்டா அழுதாள். இதுவும் போய்விட்டால் தாங்கமாட்டோம் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெக்கியிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் எதையோ மென்றுகொண்டே கேட்டாள்.

“எடை கூடுதுன்னா ராத்திரியில வெளிய போய் எலி புடிக்குதுன்னு அர்த்தம். மூடிய ஒழுங்காப் போடுறீங்களா?”

“கொக்கி மாட்டித்தான் வெக்கிறேன்.”

“லேனாவுக்குக் கொக்கியெல்லாம் எம்மாத்திரம். மாமா தரையில மாவு தூவி வெப்பாரு. எங்க போச்சு எப்படிப் போச்சுன்னு காலையில கோடு போட்ட மாதிரி தெரியும்.”

“உங்க மாமா இருந்தப்போ இது ஒழுங்கா சாப்பிட்டுச்சா?”

“அவரு இல்லாதப்போகூட சாப்பிட்டுச்சு,” என்று பெக்கி சிரித்தாள். “செவ்வாய்க்கிழமை நாற்காலியிலயே போயிட்டாரு. எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் கதவத் திறந்தோம். லேனா வயிறு புடைச்சுப் படுத்திருக்கு, அப்பத்தான் தின்ன மாதிரி. யாரு குடுத்ததுன்னு இன்னிவரைக்கும் பேசிக்கிறோம். பிடிவாதக்கார மனுசன். உறைஞ்ச ஏரியில ஐஸ் மேல மீன் புடிக்க உக்காந்து, குளிர்ல வெறைச்சுப்போயி இடது கால்ல ரெண்டு விரலக் குடுத்துட்டு வந்தாரு. வலிக்குதான்னு கேட்டா, மீன் நல்ல ருசிங்கிறாரு.”

ரோண்டாவும் சிரித்தாள். பிறகு ஃப்ரீஸரைத் திறந்தாள்.

ஆறு வாரத்தில் லேனா தொடாத ஆறு எலிகளை அவளே குப்பையில் போட்டிருந்தாள். பையில் இருபத்துநான்கு இருக்க வேண்டும். பன்னிரண்டுதான் இருந்தன. விரல் மரத்துப்போகும்வரை எண்ணினாள். பன்னிரண்டேதான். வாரத்துக்கு இரண்டு காணவில்லை.

பெக்கியை மறுபடியும் அழைக்க எண் வரை தேடிவிட்டாள். சொன்னால் பாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஓர் எலியைப் போட்டாள். நனைந்த கம்பளியும் பழைய இரும்பும் கலந்த அந்த வாடை சமையலறை முழுக்கப் பரவியது. அந்த வாடை அவளுக்கு வேறெங்கோ பழகியிருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. இடுக்கியில் எலியைக் கவ்வி நீட்டினாள். லேனா நாக்கை இரண்டு தரம் நீட்டிவிட்டு, இன்னொருவருக்காகக் காத்திருப்பது போல அவளைத் தாண்டிப் பார்த்தது.

“சாப்பிடும்மா. எனக்காக ஒரே ஒரு வாய்.”

சாப்பிடவில்லை. எலியைக் குப்பையில் போட்டுவிட்டு, கொக்கியை மாட்டி, சமையலறையிலிருந்து தொட்டிவரைக்கும் தொட்டியிலிருந்து தன் கட்டில்வரைக்கும் மாவைத் தூவினாள். சூடு தேடும் பாம்பு கட்டிலுக்கடியில்தான் வரும். வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டாள். ஏரிக்காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கீழே வெப்பமூட்டி ஒருமுறை இருமி ஓய்ந்தது. வீட்டின் மரம் குளிரில் சுருங்கி ஒவ்வொரு பலகையாக நெட்டி முறித்தது. நீ சாப்பிட்டாயா என்று தன்னை யாரும் கேட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணத் தொடங்கி, பதினொரு மாதம் வரை எண்ணித் தூங்கிப்போனாள்.

வாடைதான் எழுப்பியது. நனைந்த கம்பளி. பழைய இரும்பு.

எங்கே பழக்கம் என்று இப்போது தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அவள் வாயில் இருந்த ருசி அது. பற்பசை போட்டும் போகாமல், வேலைக்குப் போகும் வழியெல்லாம் விழுங்கிக்கொண்டே போன ருசி.

கையை நீட்டித் தொலைபேசியின் விளக்கைப் போட்டாள்.

கதவுக்கு அந்தப்பக்கம் தொட்டி தெரிந்தது. மூடி மூடியிருந்தது. கொக்கி மாட்டியிருந்தது. உள்ளே லேனா நடுவயிறு புடைத்து நிம்மதியாகக் கிடந்தது. தரையில் மாவில் பாம்புத் தடம் எங்குமில்லை.

கால் தடம் இருந்தது.

செருப்பில்லாத, பெரிய, வயசான கால். சமையலறையிலிருந்து தொட்டிக்கு. அங்கே கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு தொட்டியிலிருந்து இந்த அறைக்கு. வலது காலில் ஐந்து விரல். இடது காலில் மூன்று.

கட்டிலோரம் வரை வந்திருந்தது. விரல்கள் தலையணையைப் பார்த்தபடி.

திரும்பிப்போன தடம் இல்லை.

பக்கத்து மேசையில் கோப்பை. ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே வெறும் வெந்நீர். இடுக்கியைக் காணோம்.

கத்த வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. பல்லைக் கடித்தாள். விளக்கு கையிலிருந்து நழுவிப் போர்வைக்குள் விழுந்தது. இருட்டு. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையை உள்ளே ஒளித்து, லேனாவைப் போலவே பந்தாகச் சுருண்டாள்.

கட்டிலோரத்தில் மாவு மெல்ல நெறுநெறுத்தது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரம் மாறியது.

அவசரமே இல்லை. பொறுமையான கை. பழகிய கை.

வாயோரத்தில் ஏதோ பட்டது. இளஞ்சூடாக. ஈரமாக. ரோமத்தோடு.

அவள் வாய் தானே திறந்தது.