அகச்சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கம்போல, ஹராஜுகுவின் அந்த ஒடுங்கிய தெருவில் பத்தாயிரம் இளைஞர்கள் ஒருவர் நெஞ்சை ஒருவர் படித்துக்கொண்டு நின்றார்கள். பேச்சுக்குரல் எங்கும் இல்லை. சட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்போது வாயைத் திறப்பது அநாகரிகம் என்று 2114-ஆம் ஆண்டின் டோக்கியோ முடிவு செய்திருந்தது. படித்தது பிடித்திருந்தால் தலையை ஒருமுறை ஆட்டுவார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த நெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அவர்கள் அணிந்திருந்தது அகச்சட்டை. திருப்பூரில் ஓர் ஆலை நெய்து அனுப்பிய பனியன் அது. இழைகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிய உணர்கம்பிகள் ஓடும். தோலில் எழும் மின்துடிப்பைப் படித்து, அந்தக் கணத்தில் மனத்தில் எது மேலோங்கி நிற்கிறதோ அதை நெஞ்சின் மேல் எழுத்தாக்கிக் காட்டும். உள்ளத்தைக் காட்டும் ஆடை என்பதால் ஆலையார் முதலில் அதற்கு 'உள்ளாடை' என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்திய பிறகே பெயர் மாறியது.

சட்டையைச் சுற்றி அவர்கள் உடுத்தியிருந்தவை தனிக்கதை. ஒருவனுக்குத் தலையில் தேநீர்க் கெண்டி. ஒருத்திக்கு ஒரு காலில் ஏழு காலுறை, மறுகாலில் ஒன்றுமில்லை. பின்புறம் பஞ்சடைத்த கம்பளி வால், பெரும்பாலும் ஊதா நிறத்தில். இவை அவரவர் விருப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே 'தனியர் சங்கம்' என்று ஒன்று இருந்தது. அடுத்தவரைப்போல் இல்லாமல் இருப்பது எப்படி என்று மாதந்தோறும் எல்லோருக்கும் ஒரே சுற்றறிக்கையை அது அனுப்பி வந்தது. அதன் தலைவன் ரெய்ஜி, இருபத்திரண்டு வயது. கெண்டி வைத்திருந்தவன் அவன்தான்.

தொடக்கத்தில் சட்டைகளில் ஓடிய வாக்கியங்கள் வேடிக்கையாகவே இருந்தன. 'புறாக்கள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கின்றன' என்று ஒரு நெஞ்சில் வரும். 'நேற்றைய நூடுல்ஸிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று இன்னொரு நெஞ்சில் வரும். அந்த வசந்த காலத்தில் எல்லாம் கெட்டது. ஒவ்வொரு சட்டையாக ஒரே வாக்கியத்துக்கு மாறியது. ஜூன் பிறந்தபோது தெருவில் இருந்த அத்தனை சட்டைகளும், ஞாயிறு காலை முதல் மாலை வரை, 'என்னைப் பார்க்கிறார்களா?' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தன.

சங்கம் ஆலைக்குப் புகார் அனுப்பியது. ஆலை மருதாசலத்தை அனுப்பியது.

மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பழுது பார்ப்பதில் ஆலையிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காதில் மாட்டிய மொழிமணி ஜப்பானியப் பேச்சைத் தமிழாக்கியும் அவர் பேச்சை ஜப்பானியமாக்கியும் சொல்லும். கண்ணில் பதித்த வில்லை எழுத்தைத் தமிழாக்கிக் காட்டும். மொழிமணியை அவர் ஊர்ப் பேச்சுக்குத் திருகி வைத்திருந்ததால், அவரைப் பொறுத்தவரை டோக்கியோ முழுவதும் திருப்பூர்க்காரர்கள்தான் இருந்தார்கள்.

"பத்தாயிரம் பேர்த்துக்கும் ஒரே எழுத்து ஓடுதுங்க" என்றான் ரெய்ஜி. கெண்டியின் மூடி கோபத்தில் குலுங்கியது. "நாங்க தனியருங்க. இந்தக் கேவலத்தை எத்தன நாளைக்குங்க பொறுக்கறது?"

கம்பளி வாலோடு வந்து கேவலத்தைப் பற்றிப் பேசுகிறவனை மருதாசலம் ஏற இறங்கப் பார்த்தார். சோதனைக்கோலை எடுத்தார்.

தெருவை ஒட்டிய ஒரு மாடியறையில் பதினோரு நாள் உட்கார்ந்து முந்நூறு சட்டைகளைச் சோதித்தார். ஒரு கம்பிகூட அறுந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஆலையின் நிர்வாகி ரத்தினாம்பாளை அழைத்தார்.

"துணி சரியாத்தானுங் இருக்குது மேடம். ஆளுகதான் அப்படி."

"அப்படின்னா?"

"மனசுக்குள்ள வேற ஒண்ணுமே இல்லீங். அந்த ஒரு கேள்விதான் ஓடிட்டிருக்குது. சட்டை என்ன பண்ணும், இருக்கறதத்தான எழுதும்?"

"வாங்கறவங்ககிட்ட போய் உங்க மண்டை காலின்னு எழுதிக் குடுக்க முடியுமா மருதாசலம்? பழுது இருக்குதுன்னே வெச்சுக்குங்க. கண்டுபுடிங்க."

அன்று மதியம் ரெய்ஜி ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினான். பெயர் கோஹரு, தெருவுக்குப் புதிதாக வந்தவள். டோக்கியோ விரிகுடாவில் கடற்பாசிப் பண்ணையில் வேலை, வயது இருபது. வாலும் இல்லை, கெண்டியும் இல்லை. வெறும் அரைக்காற்சட்டையும் அகச்சட்டையும்தான்.

"எங்களுதாவது ஒரே மாதிரி ஓடுது" என்றான் ரெய்ஜி. "இவளுது சுத்தமாக் கெட்டுப்போச்சுங்க. கண்டதையும் எழுதுது. சங்கத்துல இவளச் சேர்க்கறதா வேண்டாமான்னே தெரியல."

அவன் போன பிறகு கோஹருவை உட்காரச் சொல்லிவிட்டு மருதாசலம் சோதனைக்கோலை அவள் தோளருகே கொண்டுபோனார். அவள் நெஞ்சில் எழுத்து ஓடியது: 'இந்த மாமாவுக்குக் கழுத்து வலிக்கிறது. நாற்காலி அவருக்கு உயரம் போதவில்லை.'

மருதாசலத்தின் கை நின்றது. வந்த நாளிலிருந்தே கழுத்து வலித்துக்கொண்டுதான் இருந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். எழுத்து மாறியது: 'கடை வாசலில் கட்டியிருக்கும் நாய்க்குத் தாகம்.' மருதாசலம் எட்டிப் பார்த்தார். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றது. கோஹரு எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"மாமா, எப்படியாச்சும் சரிபண்ணிக் குடுங்க" என்றாள். "எல்லார்த்துக்கும் வர்ற மாதிரி எனக்கும் வரோணும். என்ற சட்டையப் படிச்சுட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் தலையாட்டுனதில்லீங்க."

"உன்ற சட்டை நல்லாத்தான் இருக்குது அம்மிணி."

"அப்ப பழுது என்மேலயா?"

இல்லை என்று சொல்வது எளிது. பத்தாயிரம் பேரைவிட நீ ஒருத்தி மேல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஆலைச் சம்பளத்தில் வந்தவர். அந்தப் பெண்ணை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ரத்தினாம்பாளை அழைத்தார். நாய் விஷயத்தைச் சொன்னார், தன் கழுத்தையும் சொன்னார். ரத்தினாம்பாளுக்கு நாயும் கழுத்தும் காதில் ஏறவில்லை.

"புதுசு புதுசா வாக்கியம் வருதா அந்தப் பொண்ணுக்கு?"

"நிமிசத்துக்கு ஒண்ணு வருதுங்."

"அவ சட்டைய மூலச்சட்டையா வெச்சு, மத்த எல்லார்த்துக்கும் அதையே ஏத்திவிடுங்க."

"அந்தப் புள்ளைகிட்டக் கேக்கோணுமுங்."

"வாங்கறப்பவே கேட்டாச்சு. ஒப்பந்தத்துல நானூத்திப் பன்னெண்டாவது பிரிவு. சம்மதம்னு தொட்டிருக்கா."

படித்தாளா என்று மருதாசலம் கேட்கவில்லை. அவரே எதையும் படித்துவிட்டுத் தொட்டதில்லை. மாலைக்குள் பகிர்கருவியை நிறுவிவிட்டார். கோஹருவின் எண்ணங்களில் எந்தத் துடிப்பு வலுவாக இருக்கிறதோ அதை அது பொறுக்கி எல்லாச் சட்டைகளுக்கும் அனுப்பும். கோஹருவிடம், "சரியாப் போச்சு அம்மிணி. இனி உனக்கும் அவங்களுக்கும் ஒண்ணாத்தான் வரும்" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே இருமுறை சொல்லிக்கொண்டார்.

தெரு களைகட்டியது. 'நாய்க்குத் தாகம்' என்று பத்தாயிரம் நெஞ்சுகள் ஒளிர்ந்தன. அந்த நாயின் முன்னாலேயே நின்று அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கிண்ணம் காய்ந்து கிடந்தது. 'அந்தத் தாத்தாவின் செருப்பு வார் அறுந்திருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு அந்த வாரம் மிக அதிகமான தலையாட்டல்கள் கிடைத்தன. செருப்பு வார் அறுந்த முதியவர் கூட்டத்தின் நடுவே காலை இழுத்துக்கொண்டு நடந்தார். அவருக்கு யாரும் வழிவிடவில்லை. எல்லோருக்கும் ஒரே வாக்கியம் வருகிறதே என்று இப்போது சங்கம் புகார் அனுப்பவில்லை. ஒரே மாதிரி இருப்பதில் அவர்களுக்கு எந்நாளும் வருத்தம் இருந்ததில்லை. முன்பு வந்த வாக்கியம் தங்களுடையது என்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

கோஹருவுக்கும் தலையாட்டல்கள் கிடைத்தன. தன் சட்டை ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று அவள் நம்பினாள். சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் சுற்றறிக்கை, நெஞ்சு மட்டும் தெரியும்படி மூன்று அடுக்குக் கம்பளியும் இரட்டை வாலும் என்று விதித்தது. வெயில் நாற்பத்து நான்கு பாகை. மற்றவர்களின் கம்பளிக்குள் குளிர்க்குழாய் ஓடியது. ரெய்ஜி தன் பழைய கம்பளியைக் கோஹருவுக்கு இரவல் கொடுத்தான். அதன் குழாய் போன வருடமே அடைத்துப்போயிருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் ஞாயிறு நண்பகல். பகிர்கருவியைக் கவனித்துக்கொள்ள மருதாசலம் அதே மாடியறையில் இருந்தார். கீழே திடீரென்று ஒரு சலசலப்பு கேட்டது. எட்டிப் பார்த்தார். தெருவின் இந்த முனை முதல் அந்த முனை வரை எல்லா நெஞ்சுகளிலும் ஒரே வாக்கியம் நடுங்கிக்கொண்டிருந்தது: 'மூச்சு முட்டுகிறது. யாராவது உதவுங்கள்.'

ஒரு கணம் அவருக்கும் அது வாக்கியமாகத்தான் தெரிந்தது. பிறகு, அது யாருடைய மனத்திலிருந்து வருகிறது என்பது உறைத்தது. படிகளில் விழுந்தடித்து இறங்கினார்.

தெருவில் அப்படியொரு மகிழ்ச்சியை அவர் அதுவரை பார்த்ததில்லை. தலைகள் ஓயாமல் ஆடின. இத்தனை ஆழமான வாக்கியம் இதுவரை வந்ததே இல்லை என்று ஒருவருக்கொருவர் கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள். மருதாசலம் "கோஹரு! கோஹரு!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தார். உதவுங்கள் உதவுங்கள் என்று சொல்லிய நெஞ்சுகள் அவரை இடித்துத் தள்ளின. ரெய்ஜியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்தப் புள்ள எங்கப்பா?"

"ஒரு நிமிசம் இருங்க" என்றான் அவன், கெண்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டே. "எழுத்து மாறறதுக்குள்ள ஒரு படம்."

தெருமுனைப் பாலத்துப் பக்கம் ஒரு வட்டம் கூடியிருந்தது. உள்ளே கோஹரு தரையில் கிடந்தாள். முகம் சிவந்து வறண்டிருந்தது. அவளுக்கு வலப்பக்கம் ஒருவனும் இடப்பக்கம் ஒருத்தியும் அதேபோல் கையை மடக்கிக்கொண்டு அழகாகப் படுத்திருந்தார்கள். மூன்றாவதாக ஒருத்தி இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாசலம் கோஹருவின் கம்பளியைக் கிழித்து எறிந்தார். "தண்ணி குடுங்க! காத்து வர வழி விடுங்க!" என்று கத்தினார். வேற்று நாட்டார் ஒருவர் புதிதாக ஏதோ நிகழ்த்திக் காட்டுகிறார் என்று எண்ணி அவர்கள் மரியாதையோடு தலையை ஆட்டினார்கள்.

ஆட்களின் கால்களுக்கு இடையே தெருக்கூட்டும் எந்திரம் ஒன்று புகுந்து வந்தது. இடுப்பளவு உயரம், முன்பக்கம் துடைப்பம். பக்கவாட்டில் இரண்டு உதை வாங்கிய தடம் புதிதாக இருந்தது. நாகரிகம் தெரியாத பழைய மாதிரி என்பதால், எழுதியிருந்ததை அது அப்படியே நம்பியிருந்தது. தெருவின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு நெஞ்சாக நின்று, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டு, விரட்டப்பட்டு, அடுத்த ஆளிடம் போய், வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தது. கோஹரு அதற்கு எழுநூற்று முப்பத்தோராவது ஆள்.

"என்ன உதவி வேண்டும்?" என்றது.

"தண்ணி! ஆஸ்பத்திரி!" என்று மருதாசலம் அலறினார்.

எந்திரம் தெரு கழுவ வைத்திருந்த நீரை அவள்மேல் கொட்டியது. துடைப்பத்தை மடக்கிக் குப்பைத் தட்டை நீட்டியது. அந்தத் தட்டில்தான் கோஹரு மருத்துவமனைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தாள். மருத்துவமனையின் வெள்ளை அங்கி போட்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மருதாசலம் கட்டிலருகே நின்றபடி நடந்தது அத்தனையும் சொன்னார், தான் சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்து. அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் நெனச்சது அத்தன பேர் நெஞ்சுலயுமா வந்துச்சுங்க?"

"வந்துச்சு அம்மிணி."

"ஒருத்தருமா படிக்கல?"

"எல்லாருமே படிச்சாங்க" என்றார் மருதாசலம்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் அவள் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. பண்ணைக்குத் திரும்பினாள். அங்கே பேசுவதற்கு வாய் போதுமானதாக இருந்தது.

பகிர்கருவியைக் கழற்றி விரிகுடாவில் எறிந்துவிட்டு, வேலையை விடுகிறேன் என்று சொல்ல மருதாசலம் ரத்தினாம்பாளை அழைத்தார். அந்த அம்மாள் அவரைப் பேசவே விடவில்லை.

"கருவி போனாப் போகுதுங்க. இனி மூலச்சட்டையும் வேண்டாம், உணர்கம்பியும் வேண்டாம். உலகம் பூரா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேக்கறாங்க. சாதாப் பருத்தியில, கறுப்பு மையில, நெரந்தரமா அச்சடிச்சறலாம். துவைச்சாலும் போகாது. நம்ம தாத்தா காலத்து மிசினே போதும்."

மருதாசலம் கோயம்புத்தூரில் விமானம் இறங்கியபோது சட்டை அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. பெட்டிகள் வரும் இடத்தில், தூணில் சாய்ந்து ஓர் இளைஞன் நின்றிருந்தான். வெள்ளைப் பனியன். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'மூச்சு முட்டுகிறது. யாராவது உதவுங்கள்.' நெற்றியில் வேர்வை. மருதாசலம் கடந்து போனார். நான்கு அடி போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"ஏனுங் தம்பி, உடம்புக்கு முடியலீங்களா? ஏதாச்சும் ஒத்தாசை வேணுமா?"

இளைஞன் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தான். பக்கத்தில் நின்ற நண்பனைப் பார்த்துச் சிரித்தான்.

"எந்த ஊருங்க பெரியவரே நீங்க? சட்டையில எழுதியிருந்தா வந்து கேட்டுருவீங்களா? இது சும்மா டிசைனுங்க."