வெறுந்தட்டில் ஒரு திட்டு

எதுவுமே முளைக்கக் கூடாத தட்டில் ஒரு திட்டு முளைத்திருந்தது.

கடலடிச் சேற்றை எடுத்துப் பெட்ரித் தட்டுகளில் தடவிப் பாக்டீரியா வளர்க்கும்போது, ஒரே ஒரு தட்டை மட்டும் எதையும் தடவாமல் திறந்து மூடி வைப்பார்கள். கை சுத்தமா, காற்று சுத்தமா என்பதற்கு அந்த வெறுந்தட்டுதான் சாட்சி. அவளுடைய ஆய்வகத்தில் ஏழு வருடமாக அந்தச் சாட்சி வாய் திறந்ததில்லை. இன்று காலை, குளிர் அறையின் இரும்பு அடுக்கில், விசிறியின் ஓயாத முனகலுக்கும் குழாயிலிருந்து எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கும் நடுவே, மிளகளவு, வெந்த மீனின் கண் நிறத்தில், அது உட்கார்ந்திருந்தது. மூடியை லேசாகத் தூக்கினாள். நீர் வற்றிய கடற்கரையின் வாடை முகத்தில் அடித்தது.

"கை கழுவத் தெரியாத ஜென்மங்க," என்றாள், அங்கே இல்லாதவர்களைப் பார்த்து.

கடல் பாக்டீரியாக்களை வகை பிரித்துப் பெயர் சூட்டும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மனிதர்களையும் அவள் வகை பிரித்து வைத்திருந்தாள்: கையை ஒழுங்காகக் கழுவுகிறவர்கள், மற்றவர்கள். முதல் வகையில் தன்னைத் தவிர இன்னொருவரை அவள் இதுவரை கண்டதில்லை.

நாலாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து முத்திரை வைத்து வந்த சேறு அது. அதில் கிடைத்த பாக்டீரியா தெரிந்த எந்தப் பேரினத்திலும் ஒட்டவில்லை. புதிய சிற்றினத்துக்குப் பெயர் வைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இது புதிய பேரினம். லத்தீனில் பெயரும் தயார். 'கலப்பற்றது' என்று பொருள். வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும்.

இந்த நேரத்திலா கலப்படம்? அவளுக்குப் பொடுகின் ஞாபகம் வந்தது. அந்த ஆளுக்கு அப்படிப் பெயர் வைத்ததே அவள்தான். ஆழ்கடலில் புது உயிர் கண்டுபிடித்தேன் என்று மேடையேறியவர். அது அவருடைய தலைப்பொடுகில் இருக்கிற பாக்டீரியாதான் என்று முந்நூறு பேர் முன்னால் எழுந்து நின்று நிரூபித்தாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவரை யாரும் எங்கேயும் பார்க்கவில்லை.

யாருடைய அழுக்கு என்று பார்க்க, அன்று மத்தியானமே ஆய்வகத்து மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தினாள். இருபது வருடமாகத் தட்டு போடும் டெக்னீஷியன், மரபணு எழுத்துகளை ஒப்பிடும் கம்ப்யூட்டர் பெண், தரை துடைக்கிற அம்மா.

"வாயத் தொறங்க. இன்னும் நல்லா. பேசறதுக்கு மட்டும் நல்லாத் தொறக்குதில்ல?"

பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வாயிலும் விட்டு எடுத்தாள். தரை துடைக்கிற அம்மா குமட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெக்னீஷியன் மட்டும் இன்னொரு குச்சியை எடுத்து நீட்டினார்.

"நீங்களும் ஒண்ணு குடுத்துடுங்க மேடம். கணக்கு நேரா இருக்கும்."

அவள் சிரித்தாள். கழுதைக்குப் பட்டுக் குஞ்சம் கட்டினால் அது கல்யாணத்துக்குக் கிளம்பிவிடும். ஆனாலும் வாயைத் திறந்து காட்டினாள். பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "மறுபடியும் உப்பு ஜாஸ்தி. ஒரு வாரமா சொல்றேன்மா."

"நாக்குல கோளாறு உங்களுக்கு," என்றாள். அவளுக்கு உப்பே உறைக்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், பார்க்க மட்டும்தான் தெரியும்.

அடுத்த நாட்களில் காது அடைத்துக்கொண்டது. மலை ஏறும் பேருந்தில் அடைப்பதுபோல், ஆனால் எச்சில் விழுங்கினாலும் விடாமல். மற்றவர்களின் பேச்சு தண்ணீருக்கு மேலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். குளிர் அறைக்கு ஸ்வெட்டரை மறந்து போனாள், குளிரவில்லை. உடல் சூட்டை உணர்ந்து தானாக எரியும் அங்குள்ள விளக்கு, அவள் நுழைந்தபோது எரியவில்லை. கையை வீசினாள். எரியவில்லை. பின்னாலேயே வந்த டெக்னீஷியன் வாசலில் கால் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

"பல்பைக்கூட ஒழுங்கா மாட்டத் துப்பில்ல," என்றாள்.

நான்கு பேரின் எச்சிலையும் கடலுப்புக் கூழில் தடவி வளர்த்த நான்கு தட்டுகளை டெக்னீஷியன் எடுத்து மேசையில் வைத்தார். மூன்று வெறுமையாக இருந்தன. நான்காவதில் இடமே இல்லை. மூடிவரை எழும்பி, மூடியின் உட்புறத்தையும் பிடித்திருந்தது. வெந்த மீன்கண் நிறம்.

"இது யாரோடது?"

அவர் தட்டைத் திருப்பி, அடியில் எழுதியிருந்த அவள் பெயரைக் காட்டினார்.

"மாத்தி எழுதிட்டீங்க. இருபது வருஷமா இதான பண்றீங்க?"

"நாலு தடவ பாத்துட்டேன் மேடம்."

கம்ப்யூட்டர் பெண் வாசலிலேயே நின்றாள். "மேடம், சேத்துல இருந்ததும் இதும் ஒண்ணுதான். ஒரு எழுத்துகூட மாறல."

அப்படியானால் கப்பலில் ஏறாத, கடற்கரைக்குப் போனால் கால் மணலாகும் என்று போகாத அவளுடைய வாயில் இருப்பதும், நாலாயிரம் மீட்டர் கீழே சேற்றில் இருந்ததும் ஒன்று. உலகம் இதை எப்படிப் படிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க. வெளக்கெண்ணெய் மாதிரி நின்னுட்டு."

கதவை உள்ளிருந்து பூட்டினாள். தொற்றிய அழுக்குதான், கழுவினால் போகும். அதை நிரூபிக்கப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிற சோதனையே போதும். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பார்த்தால், உடைத்து ஊற்றிய முட்டைபோல அகலமான செல்கள் நடுவில் கருவோடு தெரியும். மனித வாய் என்றால் அவை இருந்தே தீரும். அவற்றின்மேல் ஒட்டியிருப்பதுதான் அழுக்கு.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

பாக்டீரியா. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கூரை ஓடுபோல் அடுக்கடுக்காக. கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். பாக்டீரியா. இந்த ஓரம், அந்த ஓரம். ஒரு செல்கூட இல்லை.

சாயம் சரியில்லை. வேறு சாயம். குச்சி சரியில்லை. வேறு குச்சி. ஈறிலிருந்து. நாக்கிலிருந்து. உதட்டிலிருந்து. பிறகு முழங்கையிலிருந்து, கத்தி நுனியால். வலிக்கவில்லை. சிவப்பாக எதுவும் வரவில்லை.

காதுக்குள் அழுத்தம் கூடியது, கடலடியில் நிற்பதுபோல. மேலே ஏதோ மிகப் பெரியதாக, மிக மெதுவாக, புரண்டு படுத்தது.

செல் இல்லை.

ஒன்றுகூட.

அப்படியானால் பார்த்துக்கொண்டிருப்பது எது?

மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தாள். கையின் கீழே இருந்த கண்ணாடித் துண்டில் மூன்று விரல்களின் நுனிகள் தங்கிவிட்டன. இருபத்தைந்து வருடப் பழக்கம். தட்டில் முளைத்த திட்டை விவரிப்பதுபோல மனம் தானாகவே விவரிக்கத் தொடங்கியது. வட்டம். ஓரம் சீர். பளபளப்பு. ஒளி புகாது. நடுவில் சற்று மேடு.

மெல்ல அகலமாகிறது.

கதவு தட்டப்பட்டது. மறுபடியும். பிறகு சாவி திரும்பும் ஓசை, டெக்னீஷியன் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் கணவர். தோளில் பள்ளிக்கூடப் பை, விரலில் சாக்பீஸ் தூள்.

"எவ்ளோ நேரமா ஃபோன் அடிக்கறேன்? பாவம், அவங்க பயந்துபோய் அந்தத் தட்டு விஷயத்த எனக்குச் சொன்னாங்க. என்னம்மா ஆச்சு?"

கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கிட்ட வராதீங்க என்று சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் முதல்முறையாக அந்த மனிதரிடம் சொல்ல அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இருந்தது. வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீர் மோவாயில் வழிந்தது. குரல் வரவில்லை.

"அழாத. பேருதான, போனாப் போகுது. வா, வீட்டுக்குப் போலாம்."

அவர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை இழுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே."

தேய்க்கத் தொடங்கினார். குளிரில் நடுங்கும் குழந்தையின் கையைச் சூடாக்குவதுபோல, மென்மையாக, விடாமல். அவளுக்கு அந்தச் சூடு தெரியவில்லை. மணிக்கட்டுவரை எதுவுமே தெரியவில்லை. மெல்லிய, ஈரமான ஓசை மட்டும் கேட்டது. அவருடைய விரலிடுக்குகளில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியது, புறங்கையில் ஏறியது, சட்டையின் விளிம்புக்கு அடியில் நுழைந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் குனிந்து பார்க்கவில்லை.