பதினான்கு கையெழுத்துகள்

காலை பத்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தபோது, ஷரத்து பல்கலைக்கழக விதித் தொகுப்பின் புதிய திருத்தங்களைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நகைச்சுவைத் துணுக்குகளைப் படிப்பதுபோல அவர் விதிகளைப் படிப்பார். ஆய்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவருக்கு முதல் தும்மல் விதி, இரண்டாவது உட்பிரிவு, மூன்றாவது விதிவிலக்கு என்று அலுவலகத்தில் பேச்சு; 'ஷரத்து' என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். ஒருமுறை துணைவேந்தர் தம் விடுப்புக் கடிதத்தில் தேதி போட மறந்துவிட்டார். அவர் வெளியூர் போய்த் திரும்பிய பிறகு, அவர் போகவே இல்லை என்று ஷரத்து விதிப்படி நிரூபித்தார். துணைவேந்தரும் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த நான்கு நாளும் தாம் எங்கேயும் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கதவைத் திறந்தது அவர் மனைவியின் தம்பி. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 'செக்கர்' என்றால்தான் தெருவில் தெரியும். யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம் வணக்கம் சொல்வது அவர் வழக்கம்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கனமான துணிப்பை.

"ஷரத்து சார் வீடு இதுதானே?"

"பையில என்ன?" என்றார் செக்கர்.

"என்னோட நாலு வருஷம்," என்றாள் அவள்.

உள்ளே வந்து உட்கார்ந்து அவள் சொன்னது இதுதான். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். துறையில் அவளைக் 'குடிநீர் அக்கா' என்பார்கள். தண்ணீரை வடிகட்டும் மணற்படுகையில் வளரும் பாசியைப் பற்றி ஆய்வு. நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த மணலில்தான் கழித்திருந்தாள். பைக்குள் ஆய்வேட்டின் மூன்று பிரதிகள், கருநீல அட்டையும் தங்க எழுத்துமாக, அன்று காலைதான் பைண்டரிடமிருந்து வந்திருந்தன.

"இன்னிக்கு அஞ்சு மணியோட என் பதிவு காலாவதி ஆகுது சார். எல்லாம் ரெடி. ஒரே ஒரு தாளைக் காணோம்."

"எந்தத் தாள்?"

"போன மாசம் நான் பேசின கருத்தரங்கோட கையெழுத்துத் தாள். பதினாலு பேர் போட்டது. அதில்லாம ஆய்வேட்டை வாங்க மாட்டேன்னுட்டாங்க. நகல் இருந்தாலும் செல்லாதாம். மறுபடி கருத்தரங்கு வைக்கணும்னா ஏழு நாள் முன்னாடியே அறிவிப்பு ஒட்டணும். எனக்கு ஏழு நாள் எங்க இருக்கு? ஆறு மணி நேரம்தான் இருக்கு." அவள் ஒரு கணம் தயங்கினாள். "விதி இருபத்தொண்ணு, உட்பிரிவு மூணு. அது நீங்க எழுதினதாம் சார்."

செக்கர் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் ஷரத்து. "நடக்காத கருத்தரங்குக்கு ஒருத்தன் நாப்பது கையெழுத்தோட நகல் கொண்டுவந்தான். அதுல ரெண்டு பேர் முன்னாடியே இறந்துபோனவங்க. அன்னிக்கு எழுதினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதை. தாழிய செஞ்சவன் நான். சொல்லுங்கம்மா, ஒண்ணுவிடாம. அச்சடிச்சதுலேர்ந்து."

மூன்று பிரதிகளையும் கருத்தரங்கு நாள் காலையில் துறை அச்சுப்பொறியிலேயே எடுத்தாள். விதிப்படி தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். நடுவில் தாள் சிக்கி, இயந்திரம் இருமுறை நின்றது. கருத்தரங்கில் சொன்ன திருத்தங்களுக்காகப் பதினோரு பக்கத்தை மட்டும் பிறகு மாற்றினாள். மற்றவை அப்படியே.

"பைண்டிங்ல ஏதும் தாமதம்?"

"ரெண்டு நாள். ஏதோ ஒரு தாள் குறையுதுன்னு துறைக்குப் போன் பண்ணினாராம். அப்புறம் கிடைச்சிருச்சாம்."

"கையெழுத்துத் தாள் கடைசியா எங்க இருந்துச்சு?"

"என் கோப்புல, துறை பீரோவுக்குள்ள. சாவி ரெண்டே பேர்கிட்டதான். எழுத்தர் அம்மா, என் நெறியாளர்."

"அத்தான், நெறியாளர்தான்," என்றார் செக்கர். "முகத்தைப் பார்க்காமலே சொல்றேன்."

"மாப்ளே, முகத்தைப் பார்த்துட்டே தப்பா சொல்லலாம். வா."

துறை அலுவலகம் மாடியில் இருந்தது; அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூட்டியிருந்தது, மூன்று மணிக்குத்தான் திறந்தார்கள். எழுத்தர் அம்மா சிக்கனத்துக்குப் பேர்போனவர். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு பென்சிலை இன்னும் உபயோகிக்கிறார் என்றும், அது வாங்கிய அன்றைவிட இப்போது சற்று நீளம் என்றும் சொல்வார்கள். வெளியாட்கள் பீரோவைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஷரத்து அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் போன வருடத் தேர்வு அட்டவணை.

"நல்ல பழக்கம்மா."

"பின்ன என்ன சார்? ஒரு பக்கம் வெள்ளையா இருக்கிற தாளைக் குப்பையில போடறவங்களை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது. இந்த ஆராய்ச்சிக்காரங்க போடறதை வச்சே இந்த ஆபீஸ் ஓடுது."

பீரோவின் பூட்டில் கீறல் இல்லை. கோப்பு அதன் இடத்தில் இருந்தது. தாள்களின் இடது மேல் மூலையில் துளையிட்டு, நூல் டேக் கோத்துக் கட்டியிருந்தது. ஷரத்து முடிச்சைக் காட்டினார். "இது நீங்க போட்டதா?"

எழுத்தர் அம்மா முகம் சுளித்தார். "சீ! நான் இப்படிப் போடுவேனா? யாரோ ஷூ லேஸ் மாதிரி கட்டியிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து நெறியாளர் உள்ளே வந்தார். நல்ல உயரம்; அவிழ்ந்த ஷூ லேஸ். செக்கர் அந்த லேஸைப் பார்த்த பார்வையில் அபராதமே இருந்தது.

"மாட்டுனீங்க சார்," என்றார் செக்கர். "வழியில சொன்னாங்க, இந்தம்மாவை ஆறு தடவை திருப்பி எழுத வச்சீங்களாமே. அப்படி என்ன பகை?"

"பகையா?" என்றார் நெறியாளர். "முதல் தடவை எழுதினது நல்லா இருந்துச்சு. ரெண்டாவது அதைவிட நல்லா இருந்துச்சு. இவங்களால இன்னும் முடியும்னு தோணுச்சு, கேட்டேன். ஆறாவது தடவை படிச்சுட்டு நானே எந்திரிச்சு நின்னேன், இவங்க பார்க்கல. அந்தக் கையெழுத்துத் தாளை நான் தொடவே இல்லைங்க. சத்தியமா!"

"நான் நம்பறேன்," என்றார் ஷரத்து.

"அத்தான்!"

"சும்மா இரு. எழுத்தரம்மா, அந்த பைண்டருக்கு ஒரு போன் போடுங்க."

பைண்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "குடிநீர் அக்கா ஏடுதானே? ஒரு பிரதிக்கு நூத்தி நாப்பத்திரண்டு தாள். தைக்கிறதுக்கு முன்னாடி எண்ணுவேன். மூணாவது பிரதியில ஒண்ணு குறைஞ்சுது. சொன்னேன். மறுநாள் கவர்ல வந்துச்சு. வச்சுத் தைச்சுட்டேன்."

"அந்தத் தாளைப் படிச்சீங்களா?"

"படிக்கிறதா? ஐயா, படிக்க ஆரம்பிச்சா எண்ணிக்கை விட்டுப்போகும். நான் பக்க எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். முப்பது வருஷமா எத்தனையோ ஆராய்ச்சி என் கை வழியாப் போயிருக்கு. ஒண்ணும் என் தலைக்குள்ள ஏறல, அதனாலதான் தையல் நேரா இருக்கு."

ஷரத்து போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். குடிநீர் அக்கா மட்டும் நின்றாள். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பதைக் காட்டியது.

"இங்க திருடன் யாரும் இல்லை," என்று ஆரம்பித்தார். செக்கருக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்காங்க. அதனாலதான் தாள் காணாமப் போச்சு. எழுத்தரம்மா, கருத்தரங்கு அன்னிக்குக் கையெழுத்து வாங்கத் தாள் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பிரிண்டர் பக்கத்துல சிக்கின தாள் ஒண்ணு கிடந்துச்சு. கழிச்சுப் போட்டதுன்னு எடுத்தேன். வெள்ளைப் பக்கத்துல ஸ்கேல் வச்சு நானே கோடு போட்டேன்."

"அது கழிச்ச தாள் இல்லை. மூணாவது பிரதிக்கு உரிய தாள். சிக்கி, நிதானமா வெளிய வந்திருக்கு. அதுக்குள்ள நீங்க எடுத்துட்டீங்க. அதோட முதுகுலதான் பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அது கோப்புக்குப் போச்சு. அங்க பிரதியில ஒரு தாள் குறைஞ்சுது." நெறியாளர் பக்கம் திரும்பினார். "பைண்டர் போன் பண்ணினதும் நீங்கதானே தேடினீங்க?"

"ஆமா. இவங்க வேலையில இருந்தாங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே பீரோவைத் திறந்தேன். பக்க எண்ணை மட்டும் தேடிக் கோப்பைச் சரசரன்னு புரட்டினேன். ஒரு தாளைத் திருப்பினதும் அதோட பின்பக்கத்துல, அப்பாடா, அறுபத்து மூணாம் பக்கம்! அவிழ்த்து எடுத்து..." நெறியாளர் நிறுத்தினார். கை தானாக வாய்க்குப் போனது.

"மறுபக்கம் பார்த்தீங்களா?"

"எதுக்கு சார் பார்க்கணும்? ஆய்வேட்டுத் தாளோட மறுபக்கம் வெறுமையாத்தானே இருக்கும்! அதான் விதி!"

"அதேதான். விதி தெரியாத ஒருத்தர் எடுத்திருந்தா, ரெண்டு பக்கமும் பார்த்திருப்பார்."

குடிநீர் அக்கா அதற்குள் பையைக் கவிழ்த்துவிட்டாள். மூன்றாவது பிரதியின் அறுபத்து மூன்றாம் பக்கம்: மணற்படுகையின் ஏழாம் மாத அட்டவணை. வலது மேல் மூலையில் ஒரு சிறு துளை. தாளைத் திருப்பினால் அந்தத் துளை இடது மூலைக்கு வந்தது. அதன் கீழே நேர்க்கோடுகளுக்கு இடையில் பதினான்கு கையெழுத்துகள். நெறியாளர் கையெழுத்தின் வால் மட்டும் தையலுக்குள் நுழைந்திருந்தது.

"தோள்ல ஆட்டை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்," என்று அவள் மெல்லச் சொன்னாள்.

"அத்தான், அப்ப நான் யாரைப் பிடிக்கிறது?" என்றார் செக்கர்.

"பையைப் பிடி. மணி நாலாகப் போகுது."

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ஆய்வுப் பிரிவில் ஷரத்துவின் நாற்காலியில் இப்போது இருப்பவர் ஒரு பெண்மணி. விதியில் அவரையும் மிஞ்சியவர் என்று கேள்வி. பிரதிகளை வாங்கினார், அளவுகோலை எடுத்து இடது ஓரத்தை அளந்தார், நான்கு சென்டிமீட்டர், மயிரிழை பிசகவில்லை. அறுபத்து மூன்றாம் பக்கத்தை இருபுறமும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சார், நீங்க பெரியவர். ஆனா இது இப்படி வரக் கூடாது. விதி ஒன்பது: தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சு இருக்க வேண்டும்."

"மறுபக்கத்துல அச்சு இருக்காம்மா?"

அவர் விரல் நுனியால் கோட்டைத் தடவினார். "இல்லை. பேனா."

"கையெழுத்து?"

"அதுவும் பேனாதான். சரி, ஒன்பது போச்சு. இருபத்தொண்ணு மூணு? மூலத் தாளைக் கொடுக்கணும். கிழிச்சுக் கொடுத்தா ஏடு சிதைஞ்சதாகும், வாங்க மாட்டேன். கிழிக்கலைன்னா நான் தாளை எப்படிப் பெற்றுக்கொள்றது?"

கடிகாரம் நான்கு நாற்பது. வரிசையில் பின்னால் நின்ற இருவர் தங்கள் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். குடிநீர் அக்காவின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன. ஷரத்து ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். விதியை எழுதியவன் அதற்கு வக்கீலாகவும் நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. செக்கர்தான் பொறுக்க முடியாமல் பேசினார்.

"அம்மா, பஸ்ல ஒருத்தர் டிக்கெட்டைத் தொலைச்சிரக் கூடாதுன்னு சட்டைப் பையோட சேர்த்துத் தைச்சுக்கிட்டு வந்தார்னு வைங்க. பையைக் கிழிடான்னா சொல்வேன்? பார்த்தேன், இருக்கு, உட்காருங்கன்னுட்டுப் போயிருவேன்."

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. விதித் தொகுப்பைத் திறந்து வாய்க்குள் ஒருமுறை வாசித்தார். பிறகு சத்தமாக: "'கையெழுத்துகளின் மூலத் தாள் ஆய்வேட்டுடன் வந்து சேர வேண்டும்.'" மூடினார். "இதைவிட ஆய்வேட்டை விட்டுப் பிரியாம வந்த மூலத் தாளை என் பணிக்காலத்துல நான் பார்த்ததில்லை."

முத்திரை விழுந்த சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து தம் ஓய்வூதிய விண்ணப்பத்தைத் தேடியதாகச் சொல்கிறார்கள்.

ரசீதை எழுதிக்கொண்டே அவர் முதல் பிரதியின் முன்னுரையை எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் படித்தார். இன்னொன்றும் படித்தார். "ஏம்மா, எங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி உங்க நிலையத்துதா?"

"எந்தத் தெரு மேடம்?"

சொன்னார்.

"ஆமா. நாலாம் படுகை. இந்த வருஷம் அதுல மணலை நான்தான் மாத்தச் சொன்னேன்."

கண்காணிப்பாளர் ரசீதை இரு கைகளாலும் நீட்டினார். அவள் அதை மடிக்காமல், காற்று படாமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். "என்னங்க... வாங்கிட்டாங்க. ஆமா. இல்லை, அழல. அழலைங்கறேன்ல? ஆறு மணி ஷிப்ட், நேரா அங்க போயிடறேன். சாப்பாட்டை நீங்க பார்த்துக்குங்க."

அவள் படியிறங்கினாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஷரத்து அந்த அலுவலக வாசல்வரை வந்து யாரையும் வழியனுப்பியதில்லை. அப்படி ஒரு விதி இல்லை என்பது காரணம். அன்று அவர் வாசல் தாண்டி, படி இறங்கி, அவள் பேருந்து ஏறும்வரை வெயிலில் நின்றார்.