விழுந்து எழுந்த முள்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டோனல் குரான் ஒரு சாக்குப்பையோடு பெர்னி டஃபியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். உள்ளே வரச் சொன்ன பிறகும் இரண்டு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு பையிலிருந்து ஒரு ரெகுலேட்டரை எடுத்து, சமையலறை மேசையில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கடலுக்கடியில் சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்கிறோமே, அந்தக் கருவி.

"இதப் பாத்துச் சொல்லுங்கக்கா. அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு மூச்சு நின்னது என் கையாலதானான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, மூழ்கிய படகுகள் ஏன் மூழ்கின என்று கண்டுபிடித்துச் சொன்னவர் பெர்னி. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் கடலோர ஊரான ரோஸ்டூனில் எவர் வீட்டில் எது புரியாமல் போனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் டோனலுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அவருடைய சித்தி மகன் மாலக்கி, தபால் வண்டி ஓட்டுகிறவன், அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். துப்புத் துலக்குகிற வேலையின் வாசனை பட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

நடந்தது ஊருக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை முக்குளிப்பு கிளப் கன்றுப் பாறைக்குப் போனது. ஏய்லிஷ் லாவெல் தன் ஜோடி கஹாலோடு இறங்கினாள். இருபத்து நாலு மீட்டர் ஆழத்தில் அவளுக்குக் காற்று வரவில்லை. கஹால் தன்னுடைய உபரிக் குழாயை அவள் வாயில் திணித்து மேலே கொண்டு வந்தான். அந்தப் பதற்றத்தில் ஏறிய வேகம் அதிகம்; ஆழத்திலிருந்து அப்படி ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். ஹெலிகாப்டர் வந்து நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போனது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது கால் மரத்துக் கிடக்கிறது, நடக்க வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

டோனல் தச்சன். வார இறுதியில் கிளப்பின் ரெகுலேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவது அவன் பொறுப்பு. அந்தக் கிளப்பில் எவருக்கும் சம்பளம் கிடையாது. காற்றடைப்பவர், படகோட்டுபவர் எல்லாருமே சொந்த வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள்தான். அதனால் தப்பு நடந்தால் வேலையை விட்டுத் தூக்க முடியாது. கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம், நானே பார்த்திருக்கிறேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். என்னை நீக்கப் போறாங்க. அது போகட்டும்" என்றான் டோனல். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் படகு மறுபடி போகுது. பதினோரு ரெகுலேட்டர். பதினொண்ணும் நான் பூட்டினது. ஆறு நாளா கண்ணை மூடினா அந்தப் பொண்ணு முகம்தான் வருது. தப்பு என்னுதுன்னா நாளைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது. என்னுது இல்லேன்னா வேற எங்கயோ அந்தத் தப்பு இன்னும் உக்காந்திருக்கு. எப்படிப் பாத்தாலும் படகு போறதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும்."

"அப்புறம் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்றார் பெர்னி.

"எல்லாரையும் வச்சுக்கிட்டு, அதே சிலிண்டர்ல மாட்டிப் பாத்தோம். சிலிண்டர்ல காத்தழுத்தம் நூத்தி எழுபது இருந்துச்சு, முக்கால்வாசிக்கு மேல. மூச்சு ஜோரா வருது. வாத்தியார் சொல்றார், ஆழத்துல போனாத்தான் கெடுது, நான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்னு."

வாத்தியார் என்றால் ஃபின்டன் லாவெல். ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், கிளப்பின் தலைவர், ஏய்லிஷின் அப்பா.

"எவனோ வேணும்னே செஞ்சிருக்கான்க்கா" என்றான் மாலக்கி. "குழாய்க்குள்ள மெழுகு வச்சிருப்பான். ஆழத்துல அது கெட்டியாகி, அப்புறம் வெயில்ல உருகி..."

"நம்ம ஊர் வெயில்லயா? வெண்ணெயே உருகாது. கோட்டை மாட்டு, கிளம்பலாம்."

கஹால் ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். பெர்னி கேட்க, அன்று படகுத் துறையில் என்ன செய்தார்கள் என்று முதலிலிருந்து சொன்னான்.

"இறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் சோதிக்கணும், அது விதி. அவ வால்வைத் தொறந்தா. நாலு தடவை இழுத்து மூச்சு விட்டா. காத்தழுத்தம் காட்டுற மீட்டர்ல முள்ளு இருநூத்திப் பத்துல அசையாம நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்."

"கீழே?"

"கீழே முள்ளு ஆடுச்சு. அவ இழுக்கும்போது சர்ருன்னு கீழே விழும், விட்டா மறுபடி மேல ஏறும். மீட்டரையே என் மூஞ்சிக்கு நேரா காட்டினா. அப்ப அவ கண்ணு இருந்தது இருக்கே..."

"துறையில சோதிச்சதுக்கு அப்புறம் சிலிண்டரை யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடல."

துறையின் சரிவில் நூலா என்ற பெண் ரப்பர் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று படகை ஓட்டியவள் அவள். அவளும் அதையேதான் சொன்னாள். யாரும் தொடவில்லை.

"போகும்போது சிரிச்சுக்கிட்டுத்தான் போனா. படகு ஓரத்துல, கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தா. வாத்தியார் எப்பவும் போல கிண்டல் பண்ணினார். 'தொறக்காமலே குதிக்கப் போறியே, அப்பன் இல்லேன்னா நீ என்ன ஆவே'ன்னார். எல்லாரும் சிரிச்சோம்."

"மேல தூக்கினப்புறம் சிலிண்டரை மூடினது யாரு?"

"நான்தான். எந்திரி, கழட்டுன்னு ஒரே அமளி. நல்ல காலம், லேசா திருப்பினதும் மூடிக்குச்சு."

"லேசான்னா, எத்தனை சுத்து?"

நூலா கையைக் காற்றில் திருப்பிப் பார்த்தாள். "அரைச் சுத்து இருக்கும். அவ்ளோதான்."

"வழக்கமா?"

"வழக்கமா ரெண்டு மூணு சுத்துக்கு மேல ஆகும்" என்றவள், நுரை வழியும் பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பெர்னி அவள் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

கிளப் கொட்டகையில் வாத்தியார் தனியாக உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியது போலத் தெரிந்தார். இவர்களைக் கண்டதும் தலையசைத்துவிட்டுத் தொட்டிக் குழாயைத் திறந்தார். இறுதிவரை திறந்து, பிறகு அரைச் சுற்று பின்னால் திருப்பினார்.

"அது எதுக்கு வாத்தியாரே, திருப்பி?" என்றார் பெர்னி.

"எது? ஓ, இதுவா. பழைய பழக்கம். நான் முங்கக் கத்துக்கிட்ட காலத்துல வால்வை அப்படித்தான் தொறக்கச் சொல்லுவாங்க, இறுகிக்கக் கூடாதுன்னு. இப்ப அந்த விதி இல்ல. முழுசா தொற, இல்ல முழுசா மூடு. என் கைக்கு அது இன்னும் ஏறல." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பொண்ணு முதல்தடவை இறங்கினதுலேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது பெர்னி. ஒவ்வொருத்தரையும் ரெண்டு தடவை பாப்பேன். அவளை மூணு தடவை. அப்படியும் இது நடந்துடுச்சு."

வெளியே வந்ததும் மாலக்கி காதைக் கடித்தான். "அக்கா, வாத்தியாருக்கும் டோனலுக்கும் போன வருஷம் வாய்ச்சண்டை. இந்தாளு ஏதோ..."

"சும்மா இரு மாலக்கி" என்றார் பெர்னி. "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை கூட நான் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டதில்ல. இன்னைக்கு வேண்டிக்கிறேன்."

ஆறு மணிக் கூட்டத்துக்குக் கிளப்பிலிருந்து வந்தவர்கள் நாலே பேர். வாத்தியார், நூலா, கஹால், கதவோரமாக நின்ற டோனல். பெர்னி அன்றைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் நடுவில் வைக்கச் சொன்னார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"நான் சொல்லப் போறதை முதல்ல உங்ககிட்ட தனியா சொல்லட்டுமா?"

வாத்தியாருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "டோனலை நான் எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன். நீங்களும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"சரி. வாய்க்குழாய் கெட்டிருந்தா மூச்சு வராது, ஆனா முள்ளு விழாது. முள்ளே விழுந்து எழுந்துச்சுன்னா மீட்டருக்கே காத்து வந்து சேரல. அடைப்பு மீட்டருக்கு முன்னாடி. டோனலோட ரெகுலேட்டரை நீங்களே சோதிச்சீங்க, நல்லா இருக்கு. மிச்சம் சிலிண்டர் வால்வு ஒண்ணுதான். அன்னைக்கு நூலா அதை மூட அரைச் சுத்துதான் திருப்பினா. அப்ப அது அரைச் சுத்துதான் தொறந்திருந்துச்சு. மேல நின்னு லேசா மூச்சு விட அது போதும். இருபத்து நாலு மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுக்கும் மூணு மடங்குக்கு மேல காத்து வேணும். அங்க போதாது."

"துறையில முழுசா தொறந்திருந்துச்சு" என்றான் கஹால். "முள்ளு அசையவே இல்லையே."

"ஆமா. ஆனா படகுல அது மூடியிருக்குன்னு ஒருத்தர் நெனச்சார். தொறக்காம குதிக்கப் போறியேன்னு கிண்டலும் பண்ணினார். மூடின சிலிண்டர் எப்படிப்பா துறையில நாலு மூச்சுக்கு அசையாம இருநூத்திப் பத்து காட்டும்?"

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"ஆனா யாரும் தொடலைன்னுதானே ரெண்டு பேரும் சொன்னாங்க" என்றான் மாலக்கி மெதுவாக.

"வாத்தியார் வால்வைப் பாக்குறது இவங்களுக்கு, சாப்பிட்டியான்னு கேக்குற மாதிரி. அதை யாரு கணக்குல வைப்பா? கஹால், அந்த சிலிண்டரை முழுசா தொறந்து மாட்டிக்கிட்டு, சுவத்துக்கு முதுகு காட்டி பெஞ்சுல உக்காரு. வாத்தியாரே, அன்னைக்கு செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அவர் கஹாலுக்கு எதிரே வந்து நின்றார். அவன் தோளுக்கு மேலாகக் கையை விட்டார். கண்ணுக்கு வால்வு தெரியாது. கை பழகிய பக்கம் திருப்பியது. பின்னால் நின்று திருப்புகிறவனுக்குத் திறக்கிற பக்கம் அது. முன்னால் நின்று கை விடுகிறவனுக்கு இடமும் வலமும் மாறிப்போகும். வால்வு மூடும் பக்கமாக இரண்டு மூன்று சுற்று ஓடி நின்றது. பிறகு பழக்கப்படி அரைச் சுற்று பின்னால் வந்தது; அது திறந்திருந்தது அவ்வளவுதான்.

"லேசா மூச்சு விடு" என்றார் பெர்னி. கஹால் விட்டான். முள் நின்ற இடத்தில் நின்றது. "இப்ப வாய்க்குழாய்ல இருக்குற பொத்தானை அழுத்திக் காத்தை வேகமா விடு."

கஹால் அழுத்தினான். சீறிய காற்று சட்டென்று மெலிந்தது. முள் சர்ரென்று கீழே விழுந்தது. விரலை எடுத்ததும் மெல்ல மேலே ஏறியது.

வாத்தியார் அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அவ மறந்துட்டான்னு நெனச்சேன்" என்றார். "நல்லவேளை நான் பாத்தேன்னு நெனச்சேன்." பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நாற்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளை அதட்டிய மனிதர் அழும்போது எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி நீங்கியவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். டோனலுக்கு மூச்சுதான் வந்தது. அவன் சுவர் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தான்.

"அவகிட்ட யாரு சொல்றது?" என்றார் வாத்தியார்.

"நீங்கதான் சொல்லணும். நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

மருத்துவமனையில் ஏய்லிஷ் முழுவதையும் கேட்டாள். வெகுநேரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாளாம். "நாளைக்கு டோனலோட வால்வை நீங்க பாத்து விடுறீங்களாப்பா?" இதை டோனல்தான் பிறகு பெர்னியிடம் சொன்னான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படகு புறப்பட்டது. வானம் வெளுத்திருந்தது. கன்றுப் பாறைக்குப் பக்கத்தில் டோனல் சிலிண்டரை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓரத்தில் உட்கார்ந்தான். வாத்தியார் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றார்.

"பாருங்க வாத்தியாரே."

"நூலாவைப் பாக்கச் சொல்லுப்பா. இந்தக் கை வேண்டாம்."

"உங்களைத்தான் கேக்குறேன்." டோனல் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவருக்கு முதுகைக் காட்டினான். "பின்னாடி நின்னு, கண்ணால பாத்து."

வாத்தியார் குனிந்தார். வால்வைப் பிடித்து, அதற்குமேல் போகாது என்கிற வரை திறந்தார். பழக்கத்தில் கை திரும்பப் பார்த்தது. அவர் அதை எடுத்துவிட்டார். டோனல் மீட்டரைத் தூக்கிப் பிடித்து மூன்று முறை நன்றாக இழுத்து மூச்சு விட்டான். இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை.

"போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு டோனல் மறுபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பின்பக்கமாகக் கடலில் விழுந்தான்.