அறப்பெட்டியும் அரிசிம்பருப்பும்

“இன்பராஜ் அவர்களே, தங்கள் கையில் இருப்பது ஷபனா அவர்களின் மதிய உணவு. இருவரும் உடனே என் முன்னால் வருக.”

அறப்பெட்டியின் குரல் தளம் முழுக்கக் கேட்டது. ஒரு குளிர்பெட்டிக்கு இவ்வளவு நல்ல தமிழ் எதற்கு என்று கேட்க அங்கே யாரும் வெளியில் இல்லை. சரவணம்பட்டியில் இருந்த அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு தனிக்கூடு. மேசை, காற்று, தேநீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் கூட்டுக்குள்ளேயே உண்டு. உலகெங்கும் ஓடும் பம்புசெட்டுகள் தங்கள் கோளாறுகளைத் தாங்களே புகாராக எழுதி அனுப்பும். ஓர் இயந்திரம் அவற்றுக்குப் பதில் எழுதும். கூட்டுக்குள் இருக்கும் மனிதர் ‘சம்மதம்’ என்று தட்டுவார். சம்பளம் அதற்குத்தான்.

பொதுவாக மிஞ்சியிருந்தது குளிர்பெட்டி ஒன்றே. அதையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடத் திட்டம் இருந்தது. அந்தக் கோப்பு ஏதோ ஒரு கூட்டில் சம்மதத்துக்காகக் காத்துக்கிடந்தது. அதுவரை டப்பாத் திருட்டு நடந்தது. அதை ஒழிப்பதற்காக அறப்பெட்டியைக் கொண்டுவந்தவர் முனைவர் மேகநாதன். பதவி, இசைவாழ்வு இயக்குநர். அவருடைய பெயர்ப்பலகைக்காகவே ஒரு கதவை அகலப்படுத்தியிருந்தார்கள். அறப்பெட்டியைத் திறந்துவைத்து அவர் ஆற்றிய உரை உலகின் முதல் திருட்டில் தொடங்கியது. நம் காலத்துக்கு வந்து சேர்வதற்குள், விழாவுக்கு வாங்கி வைத்திருந்த தயிர்வடை புளித்துவிட்டது.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு டப்பா மூடியிலும் ஒரு பெயர்ச்சில்லு. எடுக்கும் கை யாருடையது என்று பெட்டிக்குத் தெரியும். சில்லும் கையும் பொருந்தாவிட்டால் எடுத்தவரையும் உரியவரையும் பெட்டி கூப்பிடும். இருவரும் நேரில் நின்று, முகம் பார்த்து, பச்சைக் குரலில் பேசித் தீர்க்கவேண்டும். உரியவர் ‘போகட்டும்’ என்று சொல்லும்வரை இருவருக்கும் விடுதலை கிடையாது.

பச்சைக் குரல் என்றால் நயமாக்கி இல்லாத குரல். அந்தக் காலத்தில் எல்லாரும் காதில் நயமாக்கி அணிந்திருந்தார்கள். “உனக்கு மண்டையில என்னடா இருக்கு?” என்று ஒருவர் கத்தினால், “தங்கள் யோசனையில் இன்னும் சற்று ஆழம் சேர்க்கலாம்” என்று அது மறுமுனையில் சொல்லும். மேகநாதனை விட்டுப் பிரிந்து செல்வதாக அவர் மனைவி அனுப்பிய செய்தியும் நயமாக்கி வழியாகத்தான் வந்தது. அது அத்தனை அழகாக இருந்ததால், அவர் திருமண நாள் வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார். வடவள்ளி வீட்டில் அலமாரி பாதி காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் செய்தியை மறுபடி படித்தார்.

ஆகவே, நேரில் முகம் பார்த்துப் பேசுவதைவிடக் கொடிய தண்டனை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

முதல் குற்றவாளி சிக்கியதும் தம் அறைத் திரையில் ஆவலாகப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் பல வருடங்கள் வேலை பார்த்த இன்பராஜும் ஷபனாவும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் முழு உயரத்தில் பார்த்தார்கள்.

“ஏனுங்ண்ணா, மூடியில எம் பேரு இருக்கறது கண்ணு தெரியலீங்ளா?”

“தெரிஞ்சுதும்மா. அப்பறம் வாசம் வந்துது. அதுக்கப்பறந்தான் கண்ணு தெரியல.”

“வாசம் வந்தா எடுத்துப்பீங்ளா? ரோட்ல போறப்ப கல்யாண வூட்டு வாசம் வந்தாலும் உள்ள போயி உக்காந்துக்குவீங்ளா?”

“உக்காந்திருக்கறேன். சூலூர்ல ஒருக்கா. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள வூட்டாளுன்னு நெனச்சுட்டாங்க. மாப்பிள வூட்ல பொண்ணு வூட்டாளுன்னு நெனச்சுட்டாங்க. தாம்பூலப் பையோட வந்தேன்.”

ஷபனா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கோபித்துக்கொள்ள வந்தவள், கடைசியில் கத்தரிக்காயைக் காம்போடு வதக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ‘போகட்டும்’ என்ற சொல் இருவருக்குமே மறந்துபோயிற்று. பெட்டிதான் நினைவூட்டியது.

மறுநாள் ஷபனா இன்பராஜின் டப்பாவை எடுத்தாள். அதில் வெறும் தயிர்சோறும் ஊறுகாயும்தான். “இதுக்காம்மா திருடின? கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பனே!” என்றார் அவர். சத்தம் கேட்டு நாலைந்து கூடுகளின் கதவு திறந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் தளத்தில் திருடாத ஆளே இல்லை. பெட்டி ஓயாமல் பெயர் கூப்பிட்டது. தண்டனைக்கு வரிசை நின்றது. அடுத்தவர் வழக்கில் மூன்றாமவர் தீர்ப்புச் சொன்னார். நாலாமவர் அப்பளம் கொண்டுவந்தார். மேகநாதன் தண்டனையைக் கடுமையாக்கினார். பேச்சை இரண்டு மடங்கு நேரம் நீட்டிக்கவேண்டும். மீண்டும் திருடினால், உரியவருடன் உட்கார்ந்து அதே டப்பாவைப் பங்கிட்டு உண்ணவேண்டும். இந்த அறிவிப்பைக் கேட்டு யாரோ கை தட்டினார்கள். நயமாக்கி அந்தக் கைதட்டலை மாற்றாமல் அப்படியே அவருக்கு அனுப்பியது.

திரையில் அதையெல்லாம் பார்த்தபடி அவர் தம் சமச்சீர்க் களியைத் தின்றார். அது கரண்டியில் ஒட்டாது, தொண்டையிலும் ஒட்டாது. வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடச் சந்தேகம். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவருடைய டப்பாவும் அதே பெட்டிக்குள்தான் நாள்தோறும் இருந்தது. ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

களியை யார் திருடுவார் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நியாயமான வாதம்தான். ஆனால் மறுநாள் காலை எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பு மூட்டி, அரிசிம்பருப்பு சாதம் செய்தார். முதல் முயற்சி பாத்திரத்தோடு போயிற்று. அடுத்தது ஒருவாறு பதமாக வந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, மேலே தாராளமாக நெய். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ப் பெட்டியின் முன்வரிசையில் வைத்தார். மூடியைச் சற்றே தளர்த்திவிட்டார். பிறகு அறைக்குப் போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

ரெஜினா வந்தாள். வரவேற்புப் பிரிவில் இருந்தவள்; வருகிறவர்களே இல்லாததால் அவளும் பம்புசெட்டுக்குச் சம்மதம் தட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் நின்று மூச்சை ஆழ இழுத்தாள். கை நீண்டது. மேகநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மூடியில் இருந்த பெயரைப் படித்ததும் அவள் கை சூடு பட்டதுபோலப் பின்வாங்கியது. பின்வரிசையிலிருந்து யாருடைய இட்லியையோ எடுத்துக்கொண்டு போனாள்.

“மரியாதை,” என்றார் மேகநாதன், ஆளில்லாத அறையில். “என்ன இருந்தாலும் ஒரு மரியாதை இருக்கு.”

ஆனால் மறுநாளும் சமைத்தார். அதற்கு மறுநாள் நெய்யைக் கூட்டினார். டப்பா ஒவ்வொரு மாலையும் நிறைந்தபடியே வடவள்ளிக்குத் திரும்பியது. ஒரே ஒரு ஆள் எடுத்தால் போதும் என்று அவருக்கு இருந்தது. ஒரே ஒருவர் எதிரில் வந்து நின்று, “சார், உப்பு கொஞ்சம் தூக்கலுங்க” என்று சொன்னால் போதும்.

யாரும் எடுக்காததால் அவரே எடுக்க முடிவு செய்தார். மதியம் அறையை விட்டு இறங்கி வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, ரெஜினாவின் டப்பாவைத் தூக்கினார். தாம் வகுத்த சட்டத்தில் இயக்குநருக்கு விலக்கு ஏதும் வைக்கவில்லை என்பதில் அவருக்கு எப்போதும் பெருமை உண்டு. இப்போது மகிழ்ச்சியும் சேர்ந்தது. பெட்டி அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டது. அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி எத்தனையோ காலமாயிற்று.

ரெஜினா ஓடிவந்தாள். “ஐயோ சார், நீங்களா? வச்சுக்கோங்க சார். போகட்டுங்க.”

“இரும்மா. அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடாது. நான் திருடியிருக்கேன். நீ கோபப்படணும்.”

“கோவமெல்லாம் இல்லீங் சார்.”

“பசிக்குமில்ல?”

“பசியே இல்லீங் சார். நான் மத்தியானம் சாப்பிடறதே இல்லீங்.”

மேகநாதன் டப்பாவைத் திறந்தார். பேச்சை எதிலாவது தொடங்கவேண்டும். “இது என்ன கூட்டு?”

“பீர்க்கங்காய்ங் சார்.”

“யார் செஞ்சது?”

“நான்தானுங் சார்.” அவள் ஓர் அடி பின்னால் போனாள். “தப்புங்ளா சார்? செய்யக்கூடாதுங்ளா?”

“இல்லம்மா, நல்லா இருக்கு. நான் அரிசிம்பருப்பு செய்யறேன். வெங்காயத்தை முதல்ல போடணுமா, பூண்டை முதல்ல போடணுமான்னு...”

“நீங்க எதைப் போட்டாலும் சரிங் சார்,” என்றாள் ரெஜினா. பெட்டி அவள் சொன்ன முதல் ‘போகட்டும்’ என்ற சொல்லையே ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்துவிட்டிருந்தது. அவள் கும்பிட்டுவிட்டுத் தன் கூட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அன்று மாலைக்குள் தளத்தில் இருந்த அனைவரிடமிருந்தும் அவருக்கு முன்மன்னிப்பு வந்து சேர்ந்தது. ‘தங்கள் கரம் படுவது எங்கள் டப்பாவின் பேறு’ என்று நயமாக்கி எழுதியிருந்தது. பச்சைக் குரலில் அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க அவர் மிகவும் பாடுபட்டார். பீர்க்கங்காய்க் கூட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

இதற்கிடையில் தலைமையகத்தின் மேலாய்வி விழித்துக்கொண்டது. அது கிளை அலுவலகங்களின் புள்ளிவிவரங்களை மேய்ந்துகொண்டே இருக்கும் இயந்திரம். திருட்டு ஏன் இப்படிப் பெருகியது என்று அது கேட்கும், தம் பதவி போகும் என்று மேகநாதன் எதிர்பார்த்தார். வந்ததோ பாராட்டு. ‘தங்கள் தளத்தில் எல்லா டப்பாக்களும் பலமுறை திருடப்பட்டுள்ளன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் தடுப்பு முழு வெற்றி. அது நெய் மணம் மிகுந்தது, முன்வரிசையில் இருந்தது, மூடி தளர்ந்திருந்தது. ஆயினும் எவரும் தொடவில்லை. எனவே தடுப்பாற்றல் மூடியில் உள்ள பெயரில்தான் இருக்கிறது. நாளை முதல் எல்லா மூடிகளிலும் அதே பெயர்ச்சில்லைப் பொருத்தப் பரிந்துரைக்கிறோம். சம்மதமா?’

அவர் அதை மறுபடி படித்தார். தாம் வகுத்த தண்டனை தம் ஒருவர் விஷயத்தில் மட்டும்தான் தண்டனையாக வேலை செய்திருக்கிறது. நயமாக்கிகூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மறுத்துவிடலாம். மறுத்தால் கீழே அந்தச் சிரிப்பு தொடரும்; அவர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எல்லா டப்பாவும் தம் பெயரில் இருந்தால், தங்கள் சொந்தச் சோற்றை எடுப்பவர்கூடச் சட்டப்படி தம் டப்பாவை எடுத்தவராவார். அவரைப் பெட்டி கூப்பிடும். உரியவர் என்ற முறையில் தம்மையும் கூப்பிடும். இன்பராஜ், ஷபனா, ரெஜினா, எல்லாரும் ஒவ்வொருவராக எதிரில் வந்து நிற்பார்கள். ‘போகட்டும்’ என்ற சொல் தம்மிடம் இருக்கும். அதை அவசரப்பட்டுச் சொல்லப்போவதில்லை.

‘சம்மதம்’ என்று தட்டினார்.

மறுநாள் புதுச் சட்டை போட்டு வந்தார். காலையில் எல்லாரும் டப்பாவை உள்ளே வைத்த கையோடு மூடிகளின் சில்லுகள் மாறின, அறிவிப்பும் போயிற்று. மதியத்துக்கு வெகு முன்னாலேயே அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரிடம் என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்தார். இன்பராஜிடம் சூலூர்க் கல்யாணம். ஷபனாவிடம் கத்தரிக்காய்.

மணி அடித்தது. கூடுகளின் கதவுகள் ஒன்றாகத் திறந்தன. காலடிச் சத்தம் நெருங்கியது. மேகநாதன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“வணக்கங் சார்,” என்றார் இன்பராஜ், நடையை நிறுத்தாமல்.

“வணக்கங் சார்,” என்றாள் ஷபனா.

“சாப்பாடு உள்ள இருக்கே,” என்றார் மேகநாதன்.

“இருக்கட்டுங் சார்,” என்றாள் ரெஜினா. மொத்தக் கூட்டமும் அவரைக் கடந்து படியிறங்கிப் போயிற்று.

அவர் சன்னலுக்குப் போனார். எதிர்ச்சாரி பேக்கரி வாசலில் அவர்கள் டீக் கிளாசும் தேங்காய் பன்னுமாக நின்றிருந்தார்கள். காதில் நயமாக்கி ஒருவருக்கும் இல்லை. இன்பராஜ் நெஞ்சை நிமிர்த்தி, கையை நீட்டி, ஏதோ சொற்பொழிவுபோல நடித்துக்காட்டினார். அது பெட்டியா, தாமா என்று மேகநாதனுக்குத் தெரியவில்லை. எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். இன்பராஜ் அசந்த நேரம் பார்த்து ஷபனா அவருடைய பன்னில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கேட்டு வாங்கும் மன்னிப்பும் அங்கே தேவைப்படவில்லை.

மேகநாதன் திரும்பி வந்து அறப்பெட்டியைத் திறந்தார். அடுக்கடுக்காக டப்பாக்கள். எல்லா மூடியிலும் முனைவர் மேகநாதன், முனைவர் மேகநாதன். கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கினார். பெட்டி மௌனமாக இருந்தது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு டப்பாக்களை எடுத்து, பெட்டியின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“திருடறேன். தெரியுதா? யாரையாவது கூப்பிடு.”

“தங்கள் பொருளைத் தாங்களே எடுப்பது திருட்டாகாது, ஐயா,” என்றது அறப்பெட்டி. “கதவைச் சாத்துங்கள். குளிர் வீணாகிறது.”